மாடலில் மரையை வெட்டிக் காட்ட வேண்டுமா, கோடு போட்டால் போதுமா?

கருப்பூர்_டிசைன் கேட்டது:

வணக்கம். சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மெஷின் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் டிசைன் வேலை பார்க்கிறேன். டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் ஆகிறது.

குச்சிக்கிழங்கு தோல் உரிக்கும் டிரம்முக்கு இரண்டு பக்கத் தட்டு. 304 ஸ்டெயின்லெஸ், 16 மி.மீ. கனம், தட்டுக்கு 12 ஓட்டை, எல்லாமே எம்12 (12 மி.மீ. மெட்ரிக்) மரை. முதலில் ஆர்வத்தில் கம்ப்யூட்டர் 3டி மாடலில் ஒவ்வொரு ஓட்டையிலும் ஹெலிக்ஸ் (சுருள் கோடு) ஓட்டி நிஜ மரையாகவே வெட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் முழு அசெம்பிளியைத் திறக்க நாலு நிமிடம் ஆனது. டிராயிங்கில் செக்ஷன் (வெட்டுத் தோற்றம்) எடுத்தால் ஓட்டை இருக்கும் இடமெல்லாம் ஒரே கறுப்பு. முதலாளி பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எடுத்துடு" என்றார். எடுத்துவிட்டு, எம்12 தானே என்று 12 மி.மீ. வட்டம் போட்டு வெட்டி வைத்தேன்.

வெளியே விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்) வைத்திருப்பவர் ஸ்டெப் ஃபைல் (எந்த சாஃப்ட்வேரிலும் திறக்கும் 3டி ஃபைல்) மட்டும் போதும் என்றார். அனுப்பினேன். சனிக்கிழமை சாயந்திரம் தட்டு வந்தது. 24 ஓட்டையும் சுத்தமாக 12.0. மரை வெட்டச் சதையே இல்லை, போல்ட் உள்ளே போய் வெளியே வருகிறது. மாடலில் இருந்ததைத்தான் அவர் செய்திருக்கிறார், அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. இரண்டு தட்டும் மூலையில் நிற்கிறது, பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

மரை ஓட்டையை மாடலில் என்ன விட்டத்தில் வைப்பது? டிராயிங்கில் எந்தக் கோடு எங்கே? நிஜ மரை வெட்டிக் காட்ட வேண்டிய வேலை என்று ஏதாவது உண்டா?

அம்மாப்பேட்டை_லேத் பதில்:

தம்பி, முதலில் தட்டு விஷயம். அதைத் தூக்கிப் போட்டுவிடாதே. எம்14×2 (14 மி.மீ. விட்டம், 2 மி.மீ. பிட்ச், அதாவது மரைக்கு மரை தூரம்) டேப்புக்கு டிரில் அளவு சரியாக 12.0. ஓட்டைக்கும் தட்டு ஓரத்துக்கும் நடுவில் சதை இருந்தால் எம்14 டேப் போட்டு எடுத்துவிடலாம். எதிரே போல்ட் போட்டுச் சேரும் ஃபிளாஞ்சில் (விளிம்புத் தட்டில்) 13.5 ஓட்டை இருக்கும், அதை 15.5 ஆக்க வேண்டும். எம்12 போல்ட்தான் வேண்டும் என்றால் ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி கம்பிச் சுருள் இன்சர்ட் போடலாம். 24 ஓட்டைக்கு அது செலவு, நான் என்றால் எம்14 தான் போடுவேன்.

இனி கேள்விக்கு வருகிறேன். நான் லேத்தில் பதினொரு வருடம் நின்றுவிட்டுத்தான் டிராயிங் பக்கம் வந்தேன். அதனால் கோடுகளை நான் புரிந்துகொண்டது லேத்தில் நின்ற கண்ணால்தான். மரை போடுவதற்கு முன்னால் என்ன இருந்ததோ அது தடித்த கோடு. டேப்போ (ஓட்டைக்குள் மரை வெட்டுவது) டையோ (தடியின் மேல் மரை வெட்டுவது) வெட்டி எடுத்தது மெல்லிய கோடு. இது ஒன்று மனதில் நின்றால் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். போல்ட்டில் முன்னால் இருந்தது 12 மி.மீ. தடி, அதனால் வெளி விட்டம் தடித்த கோடு, உள்ளே மரையின் அடி மெல்லிய கோடு. ஓட்டையில் முன்னால் இருந்தது 10.2 டிரில் போட்ட துளை, அதனால் உள் விட்டம் தடித்த கோடு, வெளியே 12-இல் மெல்லிய கோடு. செக்ஷனில் ஹேட்ச் கோடு (வெட்டிய சதையைக் காட்டும் சாய்கோடு) மெல்லிய கோட்டைத் தாண்டித் தடித்த கோடு வரைக்கும் போக வேண்டும். அங்கேதான் நிறையப் பேர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மரை முடியும் இடத்தில் குறுக்கே ஒரு தடித்த கோடு.

ஓட்டையை நேர் முகத்தில் (வட்டமாகத் தெரியும் பக்கம்) பார்க்கும்போது அந்த மெல்லிய கோடு முழு வட்டமாக வராது. சுமார் முக்கால் வட்டம்தான், திறந்த கால்பகுதி வழக்கமாக மேலே வலது பக்கம். முழு வட்டமாகப் போட்டால் படிக்கிறவன் அதைக் கவுன்டர்போர் (வாயை அகலமாக்கிய ஓட்டை) என்றோ சேம்ஃபர் (ஓரத்துச் சரிவு) என்றோ எடுத்துக்கொள்வான். மரையில் சேம்ஃபர் இருந்தாலும் நேர் முகத்தில் அதன் வட்டத்தைப் பொதுவாக விட்டுவிடுவதும் இதற்காகத்தான். எல்லாம் மரை வரைவதற்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 6410-இல் இருக்கிறது. நம் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு எஸ்பி 46 (இந்தியத் தர நிறுவனத்தின் டிராயிங் கையேடு) கையில் இருந்தாலே போதும்.

மாடலில் ஓட்டை டிரில் அளவில் இருக்க வேண்டும். எம்6-க்கு 5, எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5, எம்12-க்கு 10.2, எம்16-க்கு 14. பெயரளவிலிருந்து பிட்சைக் கழித்தால் கிட்டத்தட்ட இதுதான் வரும். அதன்மேல் காஸ்மெடிக் மரை (வெட்டாமல் குறியாக மட்டும் காட்டும் மரை). ஸ்கெட்ச் வட்டம் போட்டு வெட்டாதே, சாஃப்ட்வேரில் ஓட்டை போடும் வசதியான ஹோல் விசார்டில் டேப் ஓட்டை என்று கொடு. அப்போதுதான் பிட்ச், ஆழம் எல்லாம் ஓட்டையோடு ஒட்டி நிற்கும், டிராயிங்கில் குறிப்பும் தானாக வரும்.

304-க்கு ஒரு வார்த்தை. எம்12 6எச் (ஓட்டை மரைக்கு வழக்கமான துல்லியத் தரம்) மரையின் உள் விட்டம் 10.106-இலிருந்து 10.441 வரை இருக்கலாம். 10.2-க்குப் பதில் 10.3 போட்டால் மரை தரக் கணக்கிலேயே இருக்கும், டேப்பின் மேல் பாரமும் குறையும். ஸ்டெயின்லெஸ் வெட்ட வெட்ட இறுகும். 24-ஆவது ஓட்டையில் டேப் உடைந்து உள்ளே நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அன்று பட்டறையில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம், அடி மூடிய ஓட்டைக்கு இரண்டு ஆழமும் எழுது. எம்12×16/⌀10.2×20 என்றால் மரை 16 ஆழம், டிரில் 20 ஆழம். டிரில் ஆழம் எழுதாவிட்டால் மரையின் ஆழத்தைப் போல 1.25 மடங்கு வரைய வேண்டும் என்பது வழக்கம், இங்கேயும் அதே 20 தான் வரும். டேப்பின் மூக்கு சரிவாக இருக்கும், வெட்டிய உலோகச் சுருளும் அடியில் சேரும். அந்த இடத்தை விடாமல் மரையை அடிவரைக்கும் வரைந்து அனுப்பினால், அதைச் செய்ய யாராலும் முடியாது.

ஏற்காடு_பல்ப்பர் பதில்:

நான் மலையில் எஸ்டேட்களுக்குக் காபி பல்ப்பர் (காபிப் பழத்தின் தோலை நீக்கும் மெஷின்) ரிப்பேர் செய்கிறேன். லேத் அண்ணன் சொன்ன கோடுகள் எல்லாம் சரி. ஒன்று சேர்க்கிறேன்: அந்தக் கோடுகள் எந்த மரை என்று சொல்லாது. எழுத்துதான் சொல்லும்.

இங்கே பழைய பல்ப்பர்கள் பல அங்குலக் கணக்கில் செய்தவை. அரை அங்குல விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை), 55 டிகிரி, அங்குலத்துக்கு 12 மரை. அதே அரை அங்குல யுஎன்சி (அமெரிக்க அங்குல மரை) என்றால் 60 டிகிரி, 13 மரை. டிராயிங்கில் மூன்றும், எம்12-ஐயும் சேர்த்து, அதே தடித்த கோடு, மெல்லிய கோடு. போன வருடம் ஒரு எஸ்டேட்டில் டிரம் ஷாஃப்ட் முனைக்கு யாரோ "1/2 மரை" என்று மட்டும் எழுதிச் செய்து வாங்கியிருந்தார்கள். வந்தது யுஎன்சி. நட்டு இரண்டு சுற்று போய் இறுகிவிட்டது. பழ சீசன், பறித்த பழத்தை ராத்திரிக்குள் பல்ப் செய்தாக வேண்டும். ஸ்பேனர் போட்டு முறுக்கி, பழைய நட்டையும் கெடுத்துவிட்டார்கள். நான் போனபோது அந்த நட்டுக்குள் விரல் விட்டுப் பார்த்தேன், மரை உதிர்ந்து மாவாக இருந்தது. அதிலிருந்து பிட்ச் கேஜ் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

தண்ணீர் லைனுக்கும் இதே எச்சரிக்கை. ஜி 1/2 (நேரான பைப் மரை) என்பதில் எங்கும் அரை அங்குலமான 12.7 கிடையாது, மரையின் வெளி விட்டம் 20.955. ஆர் என்று போட்டால் சரிவான பைப் மரை, 16-க்கு 1 சரிவு. தோல் உரிக்கும் டிரம்முக்குள் தண்ணீர் ஸ்ப்ரே இருக்குமே, அந்த இணைப்புகளுக்கு ஜியா ஆரா என்று எழுதியே அனுப்புங்கள்.

அம்மாப்பேட்டை_லேத் பதில்:

நிஜ மரை எப்போது வேண்டும் என்று கேட்டிருந்தாய், விட்டுவிட்டேன். பிரிண்டரிலோ அச்சிலோ மரை அப்படியே உருவாக வேண்டும் என்றால் வெட்டியே ஆக வேண்டும், அதிலும் இடைவெளி விட்டு. உன் ஆலையிலேயே ஸ்க்ரூ கன்வேயர் இருக்கும். அதன் இறக்கையைத் தகட்டில் வெட்டி வளைக்கிறார்கள், அது முழுதாக மாடலில் வர வேண்டும். டேப்பும் டையும் போடும் மரை வேறு. அதன் வடிவம் டேப்பிலேயே இருக்கிறது, நீ அளவைச் சொன்னால் போதும்.

ஸ்டெப் ஃபைலில் காஸ்மெடிக் மரை பெரும்பாலும் போகாது. எதிரில் திறப்பவருக்கு வெறும் 10.2 துளைதான் தெரியும். அதனால் ஸ்டெப்போடு பிடிஎஃப் டிராயிங்கும் சேர்த்தே அனுப்பு. அவர் வேண்டாம் என்றாலும் அனுப்பு. மரை ஓட்டைகளின் முகத்துக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்து, எந்த நிறம் என்ன மரை என்று டிராயிங்கில் எழுதிவிடு.

கருப்பூர்_டிசைன் பதில்:

லேத் அண்ணா, பல்ப்பர் அண்ணா, இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. எம்14 டிரில் 12.0 என்று படித்ததும் முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தட்டு ஓரத்தில் ஓட்டைக்கு வெளியே 19 மி.மீ. சதை இருக்கிறது, போதும் என்றார். ஃபிளாஞ்சை 15.5-க்குப் பெரிதாக்க டிராயிங் திருத்திவிட்டேன். இந்த முறை முக்கால் வட்டம் சரியாக வந்திருக்கிறது, குறிப்பில் "24 ஓட்டை, எம்14×2 – 6எச், முழுக்க" என்று இருக்கிறது, ஓட்டை முகங்கள் பச்சை.

செவ்வாய்ப்பேட்டையில் ஸ்டெயின்லெஸ் எம்14 போல்ட் 16 தான் கிடைத்தது. மீதி எட்டு திங்கட்கிழமை வரும் என்றிருக்கிறார்கள். நாளைக் காலையில் டேப் போடுகிறோம், முதல் ஓட்டைக்கு நானே பக்கத்தில் நிற்கப் போகிறேன்.