சீழ்க்கட்டை வெட்டிய பின் குளிசை தேவையா?

வடலி: சீழ்க்கட்டை வெட்டிச் சீழை எடுத்துவிட்டால் நுண்ணுயிர்கொல்லிக் குளிசை தேவையே இல்லை என்று கொக்குவிலான் நேற்று அடித்துச் சொன்னதைப் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வெட்டிய பின் 7 நாள் கோ-ட்ரைமொக்ஸசோல் என்ற நுண்ணுயிர்கொல்லி எடுத்தவர்களில் 80.5 வீதமானோரும், மருந்தில்லாத போலிக் குளிசை எடுத்தவர்களில் 73.6 வீதமானோரும் குணமடைந்தார்கள். இந்த 7 வீதத்தை எங்கே ஒளிப்பீர்கள்?

கொக்குவிலான்: அந்த 73.6ஐப் பார்க்க மறுப்பவர் நீங்கள்தான். வெட்டு மட்டுமே நால்வரில் ஏறத்தாழ மூவரைக் குணப்படுத்தியிருக்கிறது. ஒருவர் கூடுதலாகப் பயன்பெற ஏறத்தாழ 15 பேர் குளிசை விழுங்க வேண்டும். ஆய்வின் சுருக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு வழக்காட வருவது உங்கள் பழைய குணம்.

வடலி: முழு ஆய்வையும் வாசித்தவன் என்பதால் சொல்கிறேன்: மறுபடி வெட்ட வேண்டி வந்தவர்கள் குளிசை எடுத்தோரில் 3.4 வீதம், எடுக்காதோரில் 8.6 வீதம். வேறிடத்தில் புதிய தொற்று வந்தவர்கள் 3.1 வீதம், 10.3 வீதம்.

தென்மராட்சித் தாதி: நான் நாள்தோறும் மருந்து கட்டுபவள். குளிசை இருக்கிறதே என்ற துணிவில் கட்டுப்போட வராமல் நின்றுவிடுகிறவர்களுக்கு மேல்தோல் மூடி, அடியில் மறுபடியும் சீழ் கோர்த்துவிடுகிறது. குழிக்குள் வைத்த கோஸ் துணியை எடுத்து, குழி அடியிலிருந்து சிவந்து வளர்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. சலரோகக்காரருக்கும், காய்ச்சலோடு சுற்றியுள்ள தோல் சிவந்து பரவுகிறவருக்கும் குளிசை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

கொக்குவிலான்: அந்த ஆய்வில் 45 வீதமானோரிடம் மெதிசிலின் வகை நுண்ணுயிர்கொல்லிகளுக்கு அடங்காத ஸ்ரெபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி இருந்தது. இங்கே பலருக்கும் எழுதிக் கொடுக்கப்படும், அதே வகையைச் சேர்ந்த குளொக்சசிலின் அந்தக் கிருமியிடம் எடுபடாது. வேறு மருந்தின் 7 வீதத்தை இதற்கு எப்படிப் பொருத்துகிறீர்கள்?

வடலி: அப்படியானால் மருந்தை மாற்றச் சொல்லுங்கள், குளிசையே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். 2017இல் வெளியான இன்னோர் ஆய்வில், 5 சென்ரிமீற்றருக்கு மேற்படாத சிறிய சீழ்க்கட்டுகளிலேயே கிளின்டமைசின் என்ற நுண்ணுயிர்கொல்லி எடுத்தவர்களில் 83.1 வீதமானோரும், போலிக் குளிசை எடுத்தவர்களில் 68.9 வீதமானோரும் குணமடைந்தார்கள். இப்போது இடைவெளி 14 வீதம்.

கொக்குவிலான்: அந்தப் பயன் ஸ்ரெபிலோகொக்கஸ் ஓரியஸ் இருந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்தது என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கிளின்டமைசினால் வரும் வயிற்றோட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

தென்மராட்சித் தாதி: சீழைச் சோதனைக்கு அனுப்புவது பற்றி இருவரும் ஒரு சொல்கூட எழுதவில்லை.

வடலி: அதைப் பிறகு பேசலாம். 80.5, 73.6: இந்த இரண்டும் சமம் என்று கொக்குவிலான் முதலில் எழுதிக் காட்டட்டும்.