சூடானால் ஸ்டார்ட் ஆகாத பழைய பைக்: டேப்பட் இடைவெளி பற்றி உதவி தேவை

பழைய_செயின் (கேள்வி)

வணக்கம். என்னுடையது 100 சிசி, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். டேப்பட் (வால்வைத் தட்டித் திறக்கும் திருகு) சத்தம் அதிகம் என்று ஒரு பணிமனையில் விட்டேன். ஓடி வந்த சூட்டோடு, கேஜ் எதுவும் வைக்காமல், காதால் கேட்டபடியே திருகி முடித்துவிட்டார்கள். சத்தம் அறவே நின்றது; தொல்லை அன்றே தொடங்கியது.

காலையில் முதல் உதையிலேயே கிளம்புகிறது. நன்றாகச் சூடேறிய பின் ஐட்லிங் தடுமாறி அணைந்துவிடுகிறது. அப்போது கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் இறங்குகிறது. ஆறவிட்டால் மறுபடி கிளம்பிவிடுகிறது. கார்புரேட்டரைக் கழுவிப் பார்த்தேன், பிளக்கையும் மாற்றினேன், பயனில்லை.

கையேட்டில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுக்கும் இடைவெளி (திருகுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே) 0.08 மி.மீ. என்று இருக்கிறது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வாங்கி, மூடிகளைத் திறந்து, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் ‘டி’ குறியை ஃப்ளைவீலில் நேராக நிறுத்தினேன். இரண்டு ராக்கரும் (வால்வை அழுத்தும் கைகள்) இறுகி நிற்கின்றன; 0.05 தகடுகூட நுழையவில்லை. இரண்டையும் தளர்த்திவிடலாமா?

பத்தாம்_நம்பர்_ஸ்பேனர்

தளர்த்தாதீர்கள்! நான்கு ஸ்ட்ரோக்கும் ஒருமுறை முடிவதற்குள் ‘டி’ குறி இரண்டு முறை வரும்: கம்ப்ரெஷன் முடிவில் ஒன்று, எக்ஸாஸ்ட் முடிவில் ஒன்று. ஃப்ளைவீல் மாட்டியிருக்கும் கிராங்க் இரண்டு முறை சுழன்றால்தான் வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு முறை சுழலும். எக்ஸாஸ்ட் முடிவில் இரண்டு வால்வும் கொஞ்சம் திறந்தே இருக்கும். அங்கே வைத்து 0.08 கொடுத்தால் உண்மையான இடைவெளி பல மடங்காகி, எஞ்சின் தகரக் கடையாகிவிடும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். இன்லெட் ராக்கர் அழுந்தி, மறுபடி மேலே வருகிறதா என்று பாருங்கள். அதற்கு அடுத்து வரும் ‘டி’தான் உங்களுக்கு வேண்டியது. பக்கத்திலேயே ‘எஃப்’ குறியும் இருக்கும். அது இக்னிஷனுக்கானது, அதில் நிறுத்தாதீர்கள். குறியைத் தாண்டிவிட்டால் பின்னோக்கி இழுக்காமல் முழுதாக இரண்டு சுற்று வாருங்கள்; சில எஞ்சின்களில் பின்னால் திருப்பினால், கம்ப்ரெஷனைக் குறைக்கும் டீகம்ப்ரெஷன் அமைப்பு எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிப் பிடித்து ஏமாற்றும்.

பழைய_செயின்

நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தேன். இப்போது இன்லெட் ராக்கரில் மெல்லிய ஆட்டம் இருக்கிறது, 0.05 நுழைகிறது. எக்ஸாஸ்ட் மட்டும் அசையவே இல்லை.

கரிப்புகை

தம்பி, நோய் அதுதான். வால்வு தன் சூட்டை இறக்கி வைப்பது பெரும்பாலும் சீட்டில் (மூடும்போது அது படியும் வளையத்தில்) உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான். இடைவெளியே இல்லையென்றால், சூட்டில் தண்டு நீளும்போது அது முழுதாக உட்காராது. கம்ப்ரெஷன் கசியும், கிக்கர் இலகுவாக இறங்கியது அதனால்தான். இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் வால்வின் விளிம்பு கருகிவிடும், அப்புறம் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான். சத்தம் போடும் டேப்பட்டைவிட ஊமை டேப்பட்டுக்குத்தான் நான் பயப்படுவேன்.

ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில் வையுங்கள். கையேட்டு அளவு குளிர்ந்த எஞ்சினுக்கானது. திருகைப் பூட்டி வைக்கும் லாக்நட்டைத் தளர்த்தி, 0.08 தகட்டை உள்ளே வைத்தபடி, அது லேசாக உரசிக்கொண்டு வரும்வரை திருகைச் சரிசெய்யுங்கள். பலரும் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த படியில்: லாக்நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுழன்று இடைவெளியைத் தின்றுவிடும். திருகை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள்: 0.08 நுழைய வேண்டும், 0.10 நுழையக் கூடாது. கிராங்க்கை இரண்டு சுற்று சுற்றி, அதே இடத்துக்கு வந்து இன்னொரு முறை சோதியுங்கள். நட்டை முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம், திருகு மரை போய்விடும்.

பழைய_செயின்

ஐயா, முடித்துவிட்டேன். நட்டை இறுக்கியதும் நீங்கள் சொன்னபடியே 0.08 நுழையவில்லை, மறுபடி தளர்த்தி வைக்க வேண்டியதாயிற்று. நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, நிறுத்தி, உடனே உதைத்தேன், கிளம்பிவிட்டது. ஐட்லிங்கும் நிலையாக இருக்கிறது. ஆனால் எக்ஸாஸ்ட் பக்கம் ‘டிக் டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்கிறது.

பத்தாம்_நம்பர்_ஸ்பேனர்

மெல்லிய, சீரான ‘டிக் டிக்’ இருக்க வேண்டியதுதான். தனியாக ஓங்கி ஒலித்தால் மட்டும் திருகின் அடிமுனையைக் கவனியுங்கள். பழைய எஞ்சின்களில் வால்வுத் தண்டு தட்டித் தட்டி அங்கே சிறு குழி விழுந்திருக்கும். தகடு அந்தக் குழிக்குள் இறங்காமல் அதன் விளிம்புகள் மேலேயே படிவதால், கேஜ் 0.08 காட்டினாலும் உண்மை இடைவெளி அதைவிட அதிகம். திருகை மாற்றினால் போதும். சத்தத்தை அடக்க வேண்டுமென்று இறுக்கிவிடாதீர்கள்.

கரிப்புகை

இன்னொன்று தம்பி. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எக்ஸாஸ்ட்டை மட்டும் திரும்ப அளந்து பாருங்கள். 0.08 அப்படியே இருந்தால் கவலையில்லை. மறுபடி குறைந்திருந்தால் வால்வு சீட்டுக்குள் புதைந்துகொண்டு போகிறது என்று பொருள். அப்போது ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

பழைய_செயின்

சரி ஐயா, அளந்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன். அந்தத் திருகையும் கழற்றிப் பார்த்துவிடுகிறேன்.