கூட்டுப் பணம், கொடுத்த வாக்கு: கடமை எதன்மேல் நிற்கிறது?

கேட்டவர்: பிறைவாசி

வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 12 பேர் சேர்ந்து கூட்டுப் போட்டு வருகிறோம். ஆளுக்கு மாதம் 300 வெள்ளி. சேரும் 3,600 வெள்ளி, குலுக்கலில் பெயர் வந்தவருக்கு. எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. கூட்டை நடத்தும் அக்காவின் பள்ளி நோட்டில் பெயர்களுக்கு நேரே கட்டம் போட்டு, கட்டியவர்களுக்குச் சரி போட்டிருப்பார், கணக்கு அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் பணத்தை எடுத்த அண்ணன் ஒருவர் ஏழாம் மாதத்தோடு கட்டுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு வேலை போனது உண்மை. ஆனால் அதை அவர் காரணமாகச் சொல்லவில்லை. மலேசியாவில் கூட்டுக்கு 1971-ஆம் ஆண்டிலேயே தடைச் சட்டம் வந்துவிட்டது, சட்டம் ஏற்காத ஒன்றுக்குத் தாம் கடன்பட்டவர் அல்லர் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்.

அவருடைய வாதம் நீதிமன்றத்தில் நிற்குமா என்பதை நான் கேட்கவில்லை. அவர் செய்வது தவறு என்று என் மனத்துக்கு உறுதியாகப் படுகிறது. ஏன் தவறு என்று கேட்டால், "நம்பித்தானே கொடுத்தோம்" என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஐந்தாம் படிவத்தில் படிக்கும் மகளைக் கேட்டேன். நன்னெறிக் கல்விப் பாடத்திலிருந்து நேர்மைக்கும் பொறுப்புக்கும் உரிய விளக்கங்களைத் தடங்கலின்றி ஒப்பித்தாள். ஒருவன் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும் என்று கேட்டபோது இருவருமே விழித்தோம். சட்டமும் வற்புறுத்தாமல், எழுத்தும் இல்லாமல், ஒரு கடமை எதன்மேல் நிற்கிறது?

மறுமொழி: ஜெலுத்தோங் மாணவன்

அக்கா, சட்டத்தையும் அறத்தையும் முதலில் பிரித்துக்கொள்வோம். சட்டத்தை இயற்றும் அதிகாரம் ஓர் அவைக்கு உண்டு. அதே அவை அதைத் திருத்தலாம், நீக்கலாம். நன்னெறி அளவுகோல்கள் அப்படி ஆணையால் பிறப்பவை அல்ல. கூட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு மற்றவர்களைக் கைவிடுவது, அந்தச் சட்டம் வருவதற்கு முதல் நாள் வரை தவறாக இருந்து, மறுநாள் காலையில் தவறில்லாமல் போய்விட்டது என்று அந்த அண்ணனே சொல்லத் துணியமாட்டார்.

அந்த நோட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது ஜெர்மானிய அறிஞர் காண்ட் 1788-இல் எழுதிய ஓர் எடுத்துக்காட்டு நினைவுக்கு வந்தது. ஒருவனிடம் ஒருவர் பணத்தை ஒப்படைத்திருக்கிறார், ஒப்படைத்தவர் இறந்துவிட்டார், எழுத்தாக எந்தச் சான்றும் இல்லை. எவரும் நிரூபிக்க முடியாத ஒப்படைப்பை இல்லையென்று மறுக்கலாம் என்பதை எல்லாருக்கும் பொதுவான விதியாக்கினால் என்ன ஆகும் என்று காண்ட் கேட்கிறார். அப்போது ஒப்படைத்தல் என்ற வழக்கமே உலகில் இராது. அந்த விதி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். விளைவு கெட்டது என்பதால் அவர் இதை மறுக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் சொல்வது வேறு: அந்த விதி தனக்கே முரணாகிறது என்பதுதான். மற்றவர்கள் வாக்கைக் காப்பார்கள் என்ற ஏற்பாட்டினால்தான் அந்த அண்ணனுக்கு மூன்றாம் மாதமே 3,600 வெள்ளி கிடைத்தது. அதே ஏற்பாட்டிலிருந்து தமக்கு மட்டும் விலக்குக் கேட்கிறார். உங்கள் மனம் ஏற்க மறுப்பது இந்த முரண்பாட்டைத்தான் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: மெர்தாஜாம் கணக்கர்

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவர் கட்ட வேண்டியது இன்னும் ஐந்து மாதம், 1,500 வெள்ளி. இதுவரை பணம் எடுக்காத ஐந்து பேருக்கு ஆளுக்கு 300 வெள்ளி குறையும். பெரும்பாலோரின் பெரும் நன்மையே அளவுகோல் என்று ஆங்கில அறிஞர் பெந்தாம் வகுத்த வழியில் பார்த்தால், நேர்மையாகச் சொல்கிறேன், முதல் கணக்கு அவருக்குச் சாதகமாகவே வரலாம். வேலையில்லாத வீட்டில் 1,500 வெள்ளி தீர்க்கும் துன்பம், ஐந்து வீடுகளில் 300 வெள்ளி குறைவதால் வரும் துன்பத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். அதே மரபில் வந்த மில், 1861-இல் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார்: மனிதர் சொல்லின்மேல் வைக்கும் நம்பகம் தளர்வது சமூக நலனுக்கே பெருங்கேடு, ஆகவே அதையும் கணக்கில் ஏற்ற வேண்டும்.

அதுவும் எனக்குப் போதவில்லை. கூட்டல் கழித்தலில் யார் தலையில் சுமை விழுகிறது என்பது மறைந்துவிடுகிறது. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர், வாணிகம் செய்வார்க்கு நல்ல வாணிகம் எது என்பதை "பிறவும் தமபோல் செயின்" என்று முடிக்கிறார், அதாவது பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்தால். பன்னிரண்டாவதாக எடுக்கவிருப்பவரின் 300 வெள்ளியைத் தம் 300 வெள்ளியாக அந்த அண்ணன் கருதிப் பார்த்தாரா என்பதே நான் அவரிடம் கேட்கும் கேள்வி.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி காட்டிய ஒப்படைப்பு எடுத்துக்காட்டு முழுவதும் பொருந்தவில்லை. அங்கே அவன் பெற்றதையே மறைக்கிறான். இவர் பெற்றதை மறைக்கவில்லை, கடன் என்பதை மறுக்கிறார். ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த அறிஞர் ராஸ் 1930-இல் எழுதியது இங்கே கூடுதலாக உதவும். வாக்குக் காத்தல், செய்த தீங்கை ஈடுசெய்தல், நன்றி, நீதி, பிறருக்கு உதவுதல் எனக் கடமைகள் பல உண்டு, அவை ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை அல்ல, மோதும்போது இன்ன சூழலில் எது கனமானது என்று ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒருவருடைய துன்பம் தீர்க்க வாக்கைத் தவறவிட்டாலும், அந்த வாக்கு இல்லாமல் போய்விடுவதில்லை என்றும், தவறவிட்டதற்கு எப்படியாவது ஈடுசெய்யும் கடமை மிஞ்சி நிற்கிறது என்றும் அவர் சொல்கிறார்.

ஆகவே, மகளே, பிள்ளைகளின் சோற்றுக்காக அவர் மூன்று மாதம் கட்டாமல் இருந்தால் நான் அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். அவர் "இப்போது முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்டிருந்தால் பொறுக்கும் கடமை உங்கள் பக்கம் வந்திருக்கும். கடனே இல்லை என்று அவர் எழுதிய அந்தச் செய்திதான் தவறு. அதே வேளையில், வேலை போன செய்தி தெரிந்த அன்று உங்களில் யாராவது அவர் வீட்டுக்குப் போனீர்களா?

பிறைவாசி:

போகவில்லை, ஐயா. இதைப் படித்த பிறகு நேற்று மாலை நானும் கூட்டு நடத்தும் அக்காவும் போனோம். வேலை கிடைத்த பிறகு மாதம் 100 வெள்ளியாக 15 மாதத்தில் கட்டட்டும் என்று அக்கா சொன்னார். அண்ணன் தலையசைத்தார், வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. குழுவில் எழுதிய செய்தி இன்னும் அப்படியே இருக்கிறது. அதை அவரே எடுத்தால் நல்லது என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. அக்கா நோட்டில் அவர் பெயருக்கு நேரே ஐந்து கட்டங்களும் வெறுமையாக இருக்கின்றன. பெயரை அக்கா அடிக்கவில்லை.