ஜெர்மனியில் புது ஊருக்குப் போனால், எந்தக் கடை என்பதற்கு முன்னால் எத்தனை மணி என்று கேளுங்கள்

புதிதாக ஜெர்மனிக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகள் மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறார்கள்: "அண்ணா, அடுத்த வாரம் கொலோன் போகிறோம், நல்ல சாப்பாட்டுக் கடை எது?" கடைப் பெயர் சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை. இரண்டு வருடத்தில் கடை கைமாறிவிடும், சமையல்காரர் வேறு இடம் போய்விடுவார், திட்டு மட்டும் எனக்கு வந்து சேரும். நான் ஸ்டுட்கார்ட்டில் வீட்டை வைத்துக்கொண்டு, இயந்திரங்களைப் பழுதுபார்க்க ஊர் ஊராகப் போகிறவன். பதினான்கு வருடமாக வாரத்தில் மூன்று நாள் தெரியாத ஊரில்தான் சாப்பாடு. அதில் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் வேலைக்கு ஒரு சிற்றூருக்குப் போனேன். திங்கட்கிழமை. வேலை முடிந்து இரண்டரை மணிக்குப் பசியோடு கடைத்தெருவுக்கு வந்தால், முதல் உணவகத்தின் கதவில் "ரூஹெடாக்" என்று ஒரு அட்டை தொங்கியது. அடுத்ததிலும் அதே. ஒரே பெயரில் இத்தனை கடைகளா என்று நினைத்துக்கொண்டேன். ஓய்வு நாள் என்று பொருள் எனப் பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது கடை திறந்திருந்தது. ஆனால் சமையலறையை இரண்டு மணிக்கே மூடிவிட்டார்கள், இனி ஐந்தரைக்குத்தான் என்றார்கள். அன்றைக்குப் பெட்ரோல் பங்கில் வாங்கிய குளிர்ந்த ரொட்டிதான் மதியச் சாப்பாடு.

இந்த நாட்டில் பெரும்பாலான உணவகங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, பல இடங்களில் அது திங்கள். கதவு திறந்திருக்கும் நேரம் வேறு, அடுப்பு எரியும் நேரம் வேறு. "டுர்ஷ்கேஹெண்ட் வார்மெ குஷெ" என்று எழுதியிருந்தால் நாள் முழுக்கச் சூடான சாப்பாடு உண்டு. அப்படி இல்லாவிட்டால் இரண்டுக்கும் ஐந்தரைக்கும் நடுவில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். இரவிலும் ஒன்பது, ஒன்பதரைக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். ரயில் தாமதமாகிப் பத்து மணிக்கு இறங்கினால், ரொட்டிக்குள் இறைச்சி வைத்துத் தரும் துருக்கிய டோனர் கடைதான் கதி.

இது நமக்கு அந்நியமான பழக்கம் ஒன்றும் இல்லை. "சாப்பாடு தயார்" பலகையைப் பதினோரு மணிக்கு வாசலில் வைத்து, மூன்று மணிக்கு உள்ளே எடுத்துவிடுகிற ஊரிலிருந்துதானே வந்தோம்? அந்தப் பலகையின் தம்பி இங்கேயும் இருக்கிறது: வாசலில் சாக்பீஸால் எழுதிய கரும்பலகை, தலைப்பில் "மிட்டாக்ஸ்டிஷ்", அதாவது மதியச் சாப்பாடு. பதினொன்றரையிலிருந்து இரண்டு மணி வரை. இரண்டு மூன்று வகைதான் இருக்கும், நாளுக்கு நாள் மாறும். மாலையில் பதினெட்டு யூரோ வாங்கும் அதே சமையலறை மதியத்தில் பதினொன்று, பன்னிரண்டுக்கு ஒரு தட்டு தரும். என் கணக்கில் ஒரு ஊரின் சமையலை அறிய இதைவிட நல்ல வழி கிடையாது. பன்னிரண்டேகாலுக்கு எட்டிப் பாருங்கள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்குகிறவர்கள், சிமெண்ட் படிந்த பூட்ஸ்காரர்கள், தினமும் வருவதுபோல் உட்கார்ந்திருக்கும் வயதான தம்பதி, இந்த மூன்று வகையில் இரண்டைக் கண்டால் உள்ளே போகலாம். விலைப்பட்டியலை வாசலில் மாட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். படித்துவிட்டு நகர்ந்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

ரயில் நிலையத்து வாசல், பெரிய தேவாலயத்தைச் சுற்றிய சதுக்கம், ஆறு மொழியில் எழுதிப் படமும் போட்ட அட்டை, வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடும் ஆள்: இவற்றைப் பற்றி மதுரைக்காரனுக்கோ மாமல்லபுரம் போய்வந்தவனுக்கோ பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நட்சத்திர மதிப்பீடு பார்ப்பது தப்பில்லை. ஆனால் நான் ஒற்றை நட்சத்திரத்தைத்தான் முதலில் படிப்பேன். "இரண்டேகாலுக்குப் போனோம், சமையலறை மூடிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள்" என்று ஒருவர் கொதித்திருந்தால், அது கடைக்கு நற்சான்றிதழ். "அட்டை வாங்கவில்லை, ரொக்கம்தான் கேட்டார்கள்" என்பதும் அப்படியே. ஐம்பது யூரோ ரொக்கம் எப்போதும் பையில் இருக்கட்டும்.

கொலோன் போகிறவர்களுக்கு ஒரு சொந்தக் கதை. திருமணமான புதிதில் மனைவியோடு போயிருந்தேன். அவள் சைவம், நான் எதையும் விடாதவன். பட்டியலில் "ஹால்வர் ஹான்" என்று இருந்தது. அரைச் சேவல் என்று அகராதி சொன்னது, நான் அதைக் கேட்டேன். "ஹிம்மல் உன் எயெட்" என்றால் வானமும் பூமியும். வானம் மரத்து ஆப்பிள், பூமி மண்ணுக்குள் விளையும் உருளைக்கிழங்கு என்று வாசித்துவிட்டு அவள் அதைக் கேட்டாள். எனக்கு வந்தது ரை என்னும் தானியத்து ரொட்டி, அதன்மேல் தடிமனான சீஸ் துண்டு, வெங்காயம், கடுகு விழுது. சேவலின் இறகுகூட இல்லை. அவளுக்கு வந்தது மசித்த உருளைக்கிழங்கு, ஆப்பிள் கூழ், நடுவில் பொரித்த ரத்தத் தொத்திறைச்சி. தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் பேசாமல் தட்டுகளை மாற்றி வைத்தேன். இரண்டுமே அந்த ஊரின் புகழ்பெற்ற பண்டங்கள், இரண்டுமே நன்றாக இருந்தன. அதிலிருந்து பெயரை மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டேன், பண்டத்தின் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சைவக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வறுத்த உருளைக்கிழங்கு என்று நம்பி வாங்குவதில் பொடியாக நறுக்கிய பன்றிக்கொழுப்பு கிடக்கும். ஸ்டுட்கார்ட்டைச் சுற்றிய எங்கள் ஷ்வாபியப் பகுதியில் பருப்பும் ஷ்பெட்ஸ்லே என்னும் நூடுல்ஸும் சேர்ந்த ஒரு உணவு உண்டு, பருப்பு என்றதும் மனம் குளிரும், அதன் தலைமேல் இரண்டு தொத்திறைச்சி படுத்திருக்கும். "ஃப்ளேட்லெ" சூப்பில் மிதப்பது மெல்லிய தோசை போன்ற கீற்றுகள், ஆனால் அந்தச் சாறு மாட்டெலும்பிலிருந்து வந்தது. மவுல்டாஷன் என்னும் கொழுக்கட்டையின் மாவுக்குள் இறைச்சி ஒளிந்திருக்கும். நோன்புக் காலத்தில் கடவுள் கண்ணில் படாமல் இறைச்சி தின்னக் கண்டுபிடித்தது என்று இங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள், கடவுளை ஏமாற்றும் குட்டி என்றே அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. கடவுளையே ஏமாற்றியது நம்மை விடுமா?

பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்துகளும் எண்களும் இருக்கும். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களைப் பற்றித் தெரிவிக்க வேண்டும் என்று 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க விதி. முட்டை, மீன், பால், கடுகு, எள் எல்லாம் அந்தப் பதினான்கில் வரும். முட்டை சேர்க்காதவர்கள் கடைசிப் பக்கத்து விளக்கத்தைப் பார்த்து அந்த எழுத்தைத் தேடலாம். பன்றியும் மாடும் அந்தப் பதினான்கில் இல்லை. அதனால் எழுத்து இல்லை என்பதற்காகச் சைவம் என்று முடிவுகட்டாதீர்கள், வாய்விட்டுக் கேளுங்கள். "இதில் இறைச்சி உண்டா" என்று மட்டும் கேட்டால் போதாது; பன்றிக்கொழுப்புக்கு "ஷ்பெக்", இறைச்சிச் சாறுக்கு "ஃப்ளைஷ்ப்ரூயெ", இந்த இரண்டையும் தனியாகக் கேட்க வேண்டும். சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே இறைச்சி இல்லாமல் கிடைக்கும், ஆனால் மாவில் முட்டை உண்டு.

நாள் மட்டுமா, பருவமும் கடிகாரம்தான். ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் 24 வரை வெள்ளை அஸ்பாரகஸ் என்னும் தண்டுக் காய்கறியின் காலம். அதற்கென்று தனிப் பட்டியலே அச்சடிப்பார்கள், உருளைக்கிழங்கும் வெண்ணெய்க் குழம்புமாக வரும், பன்றித்தொடை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சைவக்காரருக்கு விருந்து. கோடையில் மஞ்சள் காளான், இலையுதிர்காலத்தில் பூசணிக்காய், நவம்பர் 11 ஒட்டி பெருவாத்து (கூஸ்), குளிரில் பிரெமன் பக்கம் சுருட்டைக் கீரை. கரும்பலகையில் அந்தந்தப் பருவத்துப் பொருள் இல்லாத உணவகத்தின் குளிர்பதனப் பெட்டி மிகப் பெரியதாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

ஹாம்பர்க்கின் மீன் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும், கோடையில் விடிகாலை ஐந்து மணிக்கே தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்துவிடும். தூங்கி எழுந்து பத்து மணிக்குப் போனால் தரை கழுவுவதைத்தான் பார்க்கலாம். மியூனிக்கின் வெள்ளைத் தொத்திறைச்சி மதியம் பன்னிரண்டு மணி மணியோசையைக் கேட்கக் கூடாது என்பது அவ்வூர் வழக்கு, காலை உணவு அது. எங்கே போனாலும் மூன்றிலிருந்து ஐந்து வரை கேக்கும் காபியும். நமது மாலை டிபன் நேரம்தான், பஜ்ஜி மட்டும் இல்லை.

பிள்ளைகளோடு மியூனிக் போகிறவர்கள் பீர் தோட்டத்தைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். 1812-ல் பவேரிய அரசர், மதுவடிப்பாளர்கள் தங்கள் கிடங்கு வாசலில் பீர் விற்கலாம், ரொட்டியைத் தவிர வேறு உணவு விற்கக் கூடாது என்று ஆணையிட்டார். மக்கள் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரத் தொடங்கினார்கள், அந்த உரிமை இன்றைக்கும் இருக்கிறது. மேசை விரிப்பு போடாத, நாமே போய் எடுத்துவரும் பகுதியில் உட்கார்ந்து, குடிப்பதற்கு எலுமிச்சைச் சோடாவோ ஆப்பிள் சாறோ அங்கே வாங்கிக்கொண்டால் போதும். கஷ்கொட்டை மரத்தடியில் நாங்கள் தயிர்சாதமும் மாவடுவும் பிரித்து வைத்தோம். பக்கத்து மேசைப் பாட்டி மாவடுவைக் கேட்டு வாங்கிக் கடித்துவிட்டு, ஒரு மடக்கு பீர் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார்.

வேறு நாட்டுச் சமையல் வேண்டும் என்றால், அந்த ஊருக்கு யார் வேலைக்கு வந்தார்கள் என்று பாருங்கள். தொழிலாளர்களை வரவழைக்க மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டது 1961-ல். அதனால் தொழிற்சாலை இருந்த ஊர்களில் துருக்கியர் தெரு ஒன்றைத் தேடலாம். டோனரோடு நின்றுவிடாமல், ஆவி பறக்கும் தட்டுகளைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கும் வீட்டுச் சமையல் கடையைக் கண்டுபிடியுங்கள். பருப்பு சூப்பும் சோறும் கத்தரிக்காயும் கிடைக்கும், சோற்றுக்கு ஏங்குகிற நாளில் அதுதான் தாய்வீடு. போர்ச்சுகலோடு 1964-ல் ஒப்பந்தம். ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் பக்கத்தில் போர்த்துகீசியர் குடியிருப்பே இருக்கிறது, வறுத்த மீனுக்கு அங்கே போங்கள். வொல்ஃப்ஸ்பர்க்கில் கார் தொழிற்சாலைக்கு இத்தாலியர்கள் வந்தார்கள். டுசல்டார்ஃபில் ஜப்பானிய நிறுவனங்கள், அதனால் இம்மர்மன் தெருவில் நூடுல்ஸுக்கு வரிசை நிற்கும். பழைய கிழக்கு ஜெர்மனிக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்கள் வியட்நாமியர். பெர்லின் லிஷ்டன்பெர்க்கில் உள்ள டோங் சுவான் சந்தையில் காலை வேளையில் ஒரு கிண்ணம் சூப் குடித்துப் பாருங்கள். இந்திய உணவகத்தை மட்டும் தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பெரும்பாலான இடங்களில் ஒரே ஆரஞ்சு நிறக் குழம்பைத்தான் பத்துப் பெயரில் பார்ப்பீர்கள். மாம்பழ லஸ்ஸி மட்டும் தவறாமல் இருக்கும்.

சின்னச் சின்ன விஷயங்கள். "ஷ்டாம்டிஷ்" என்று பலகை வைத்த மேசையில் உட்காராதீர்கள், அது வாடிக்கைக் கூட்டத்துக்கு உரியது. தண்ணீர் கேட்டால் காசுக்கு வரும், சோடாவாக வரும். "ஷ்டில்" என்று சொன்னால்தான் சாதாரணத் தண்ணீர். பவேரியாவில் மேசைமேல் கூடையில் இருக்கும் முறுக்கு ரொட்டி இலவசமில்லை, எத்தனை எடுத்தீர்கள் என்று எண்ணி பில்லில் சேர்ப்பார்கள். டிப்ஸை மேசையில் விட்டுப் போக வேண்டாம், பில் 27 யூரோ என்றால் பணம் கொடுக்கும்போதே "முப்பது" என்று சொல்லிவிடுங்கள்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு இரவு, ரூர் பகுதியில் ஓர் ஊர். பசி, மழை, ஒரே ஒரு பிட்சா கடையில் மட்டும் விளக்கு. உள்ளே இத்தாலியக் கொடி, இத்தாலியப் பாட்டு, சமையலறையிலிருந்து "டேய், அந்தத் தட்டை இங்கால தா" என்று ஒரு குரல். எட்டிப் பார்த்தேன். யாழ்ப்பாணத்து அண்ணர், இருபத்தைந்து வருடமாக அங்கே பிட்சா சுடுகிறாராம். வேலை முடிந்ததும் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். ஹம் ஊரின் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்கு வரச் சொன்னார், அங்கே கிடைக்கும் சாப்பாட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நாளைக்குத் திங்கள், எல்லாம் மூடியிருக்குமே, உங்கள் ஓய்வு நாளில் நீங்கள் எங்கே அண்ணே சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பிட்சா பெட்டி மூடியைக் கிழித்து, ஒரு கிரேக்கக் கடையின் தெருப் பெயரை எழுதினார். கீழே, "பன்னிரண்டரைக்கு முன்னம் போங்கோ, ஆட்டிறைச்சி முடிஞ்சுடும்" என்று சேர்த்தார். நான் பன்னிரண்டு நாற்பதுக்குப் போனேன். முடிந்திருந்தது.