ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் ஒரு பக்கமாகச் சாய்கிறது, தட்டும் தொய்கிறது: என்ன செய்வது?

ஜெராக்ஸ்_திண்டுக்கல்:
வணக்கம். திண்டுக்கல்லில் வாடகைக் கடையில் ஜெராக்ஸும் ஸ்டேஷனரியும் வைத்திருக்கிறேன். பேப்பர் அடுக்குவதற்கு ஆறு மாதத்துக்கு முன் இரண்டு ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக், அதாவது நீளமாக ஓட்டைகள் போட்ட எல் வடிவ இரும்புக் கால்களில் தட்டுகளைப் போல்ட்டு போட்டு மாட்டும் ரேக், வாங்கினேன். ஒவ்வொன்றும் 78 அங்குல உயரம், 36 அகலம், 15 ஆழம், ஐந்து தட்டு. இறக்க வந்தவர்களே அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது ஒரு ரேக் வலது பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. உச்சியில் இரண்டு விரல் அளவு விலகல். கையால் தள்ளினால் ஆடுகிறது. நடுத்தட்டு குழிந்துவிட்டது. போல்ட்டுகளை எல்லாம் இறுக்கிப் பார்த்தேன், இரண்டு நாளில் பழையபடி ஆகிவிட்டது. எல்லாத் தட்டிலும் ஏ4 பேப்பர்தான். அடித்தட்டை மட்டும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இன்வெர்ட்டர் பேட்டரியை வைத்திருக்கிறேன். கடையில் வேலை செய்யும் பெண் அந்த ரேக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஸ்பைரல் பைண்டிங் போடுகிறார். அதை நினைத்தால் இரவில் தூக்கம் வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்:
தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். இன்றே அந்தப் பெண்ணை வேறு இடத்தில் உட்கார வையுங்கள். ரேக்கைக் காலி செய்யுங்கள். மேல்தட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே வாருங்கள். கீழே முதலில் எடுத்தால் பாரம் முழுவதும் தலையில் நிற்கும், அப்போதுதான் கவிழும். எடையோடு நிமிர்த்த முயலவே வேண்டாம்.

காலியானதும் இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். மூலைகளில் முக்கோணத் தகடு, அதாவது கார்னர் பிளேட், இருக்கிறதா? ஒரு மூலைக்கு எத்தனை போல்ட்டு? முதுகுப்பக்கம் குறுக்குப் பட்டை போட்டிருக்கிறார்களா? ஒரு தட்டில் எத்தனை ரீம் வைக்கிறீர்கள்? பாரத்தை இறக்கிய பிறகு நடுத்தட்டு நேராகிறதா, இல்லை குழிந்தே நிற்கிறதா?

லேத்_மதுரை:
இவ்வளவு எதற்கு? மூலைக்கு ஒரு டேக் வெல்டிங், அதாவது பொட்டு மாதிரி சின்ன வெல்டிங், வைத்துவிடுங்கள். ஜென்மத்துக்கும் ஆடாது.

ஜெராக்ஸ்_திண்டுக்கல்:
ஐயா, நேற்றே காலி செய்துவிட்டேன். பார்த்ததைச் சொல்கிறேன். கார்னர் பிளேட் ஒன்றுகூட இல்லை. மூலைக்கு ஒரு போல்ட்டுதான். குறுக்குப் பட்டையும் இல்லை. ஒரு தட்டில் நாலு வரிசை, வரிசைக்கு எட்டு ரீம் வைப்பேன், 32 ரீம். நடுத்தட்டு இன்னும் குழிந்தே இருக்கிறது. தட்டுக்கு 50 கிலோ தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். பில்லில் தகட்டின் தடிமன் 20 கேஜ் என்று போட்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்:
தம்பி, உங்கள் ரேக்குக்கு இரண்டு நோய். சாய்வது ஒன்று, தொய்வது இன்னொன்று. ஒரே மருந்து இரண்டுக்கும் வேலை செய்யாது.

முதலில் சாய்வு. நாலு குச்சியை நாலு ஆணியில் கோத்துச் சட்டம் செய்யுங்கள், ஒரு மூலையைத் தள்ளினால் நசுங்கிப் படுத்துவிடும். மூன்று குச்சியைக் கோத்த முக்கோணம் நசுங்காது. சாரம் கட்டுகிறவர்கள் மூங்கிலைக் குறுக்கே கட்டுவது இதற்காகத்தான். உங்கள் ரேக்கில் முக்கோணமே இல்லை. மூலைக்கு ஒரு போல்ட்டு என்றால் அது கதவுக் கீல் மாதிரி திரும்பும். போல்ட்டை விட ஓட்டை பெரிது, இறுக்கினால் உராய்வு மட்டும்தான் பிடித்து நிறுத்துகிறது. பாரம் ஏறியதும் அது வழுக்கிவிடும். நீங்கள் இறுக்கியது இரண்டு நாள் கூட நிற்காததற்கு இதுதான் காரணம்.

அடித்தட்டைக் கழற்றியதும் பெரிய தவறு. அந்தத் தட்டுதான் நாலு காலையும் தரையருகே சேர்த்துப் பிடிக்கிறது. அதை எடுத்ததால் கீழே 22 அங்குலத்துக்கு மேல் கால்கள் பிடிப்பில்லாமல் நிற்கின்றன. கம்பி வளைவதில் ஒரு கணக்கு உண்டு. பிடிப்பில்லாத நீளம் இரண்டு மடங்கானால் வளையாமல் தாங்கும் பாரம் நாலில் ஒரு பங்காகிவிடும். எல்லாத் தட்டின் எடையும் வந்து சேருவது அடிக்காலில்தான், நீங்கள் பலம் குறைத்ததும் அங்கேயே. பேட்டரியைத் தனி டிராலியில் வெளியே வையுங்கள்.

அடுத்து தொய்வு. 75 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 75 கிராம், ஏ4 பேப்பர் 500 தாள் ஒரு ரீம். 16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர், ஆகவே ரீம் எடை 2.34 கிலோ. 32 ரீம் என்றால் 75 கிலோ. 50 கிலோ தட்டில் 75 கிலோ ஏற்றியிருக்கிறீர்கள். நாலு தட்டுக்கு 300 கிலோ. பேப்பர் பார்வைக்குச் சாதுவாக இருக்கும், ஆனால் எடையில் மரக்கட்டையையும் மிஞ்சும்.

பாரம் இறக்கியும் நிமிராத தட்டு அதன் எல்லையைத் தாண்டி வளைந்துவிட்டது. அதைத் தட்டி நிமிர்த்தித் திரும்பப் போட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இன்னொரு வேலை இருக்கிறது. கழற்றிய அடித்தட்டைப் பக்கத்து அரிசிக் கடைத் தராசில் வைத்து எடை சொல்லுங்கள். அதன் நாலு ஓரமும் எத்தனை மி.மீ. மடிந்திருக்கிறது என்றும் அளந்து சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்:
மதுரைத் தம்பிக்கு: வெல்டிங் வேண்டாம். மெல்லிய தகடு ஓட்டை விழும், பெயின்ட் கருகி அந்த இடத்தில்தான் முதலில் துரு ஏறும். டேக் வைத்த பிறகு தட்டை ஏற்றி இறக்கவும் முடியாது. லண்டனில் அச்சகம் நடத்திய டிமிட்ரியஸ் கோமினோ என்பவர் 1947-ல் டெக்ஸியன் என்ற பெயரில் இந்த ஓட்டை ஆங்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்ததே, தேவை மாறும்போதெல்லாம் கழற்றி வேறு விதமாக மாட்டிக்கொள்ளத்தான். பட்டறையில் நான் முதலில் கற்றுக்கொண்ட பொருள் இது, அதனால் சொல்கிறேன்.

லேத்_மதுரை:
சரிங்க ஐயா. நான் 3 மி.மீ. ஆங்கிளை மனதில் வைத்துச் சொன்னேன். தகடு ரேக்குக்கு நீங்கள் சொல்வதுதான் சரி.

ஜெராக்ஸ்_திண்டுக்கல்:
எடை 2 கிலோ 410 கிராம். நாலு ஓரமும் 30 மி.மீ. மடிப்பு.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்:
சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது. மடிப்பை விரித்தால் உங்கள் தட்டு சுமார் 0.43 சதுர மீட்டர். இரும்பு கன மீட்டருக்கு 7850 கிலோ. 20 கேஜ் என்றால் 0.9 மி.மீ. தடிமன், தட்டு 3 கிலோ காட்ட வேண்டும். 22 கேஜ், 0.7 மி.மீ. என்றால் 2.35 கிலோ, மேலே பெயின்ட் கொஞ்சம். உங்களுக்கு வந்திருப்பது 22. பில்லையும் தட்டையும் எடுத்துக்கொண்டு போய் விற்றவரிடம் நிதானமாகப் பேசுங்கள். அவர் எதிரிலேயே ஸ்க்ரூ கேஜ் வைத்து அளந்து காட்டுங்கள். பெயின்ட் இல்லாத வெட்டு ஓரத்தில் வைத்து அளப்பது நல்லது.

சிறுநூலகம்_காரைக்குடி:
தம்பி, எங்கள் தெருவில் பிள்ளைகளுக்காக ஒரு படிப்பகம் நடத்துகிறேன். எங்களுக்கும் இதே ரேக்தான். நாங்கள் தட்டுக்கு அடியில் அதே ஸ்லாட்டட் ஆங்கிளில் 36 அங்குலத் துண்டு வெட்டி, முன் ஓரத்துக்கு ஒன்று, பின் ஓரத்துக்கு ஒன்று கொடுத்து இரு பக்கக் காலோடும் போல்ட்டு போட்டோம். அதன் பிறகு தட்டு அந்த ஆங்கிள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மூன்று வருடமாகக் கனமான அகராதிகளை அதில்தான் வைக்கிறோம், குழியவில்லை. சிலர் பிளைவுட் விரிக்கச் சொன்னார்கள். அது தட்டின் மேல் இன்னொரு நாலு கிலோவை ஏற்றியதுதான் மிச்சம்.

சுவரோடு பிடித்திருக்கிறீர்களா? குழந்தைகள் வரும் இடம் என்பதால் எனக்கு முதல் கவலை அதுதான்.

ஜெராக்ஸ்_திண்டுக்கல்:
நன்றி அக்கா. சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று கடை உரிமையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுதான் சிக்கல்.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்:
அந்த அக்கா சொன்ன ஆங்கிள் தாங்கல் நல்ல யோசனை, அப்படியே செய்யுங்கள்.

சுவருக்கு மாற்று உண்டு. ஆழத்தைப் போல நாலு மடங்குக்கு மேல் உயரம் போனால் ரேக்கை எதிலாவது கட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். உங்களுடையது 15-க்கு 78, ஐந்து மடங்கைத் தாண்டுகிறது. இரண்டு ரேக்கையும் முதுகோடு முதுகாக நிறுத்தி, பின்கால்களை அடியிலும் நடுவிலும் உச்சியிலும் போல்ட்டு போட்டு இணையுங்கள். ஆழம் 30 அங்குலம் ஆகிவிடும், உயரம் அதில் 2.6 மடங்குதான். கடையின் நடுவில் தடுப்பு மாதிரி நிற்கும். ஒரு பக்கம் பேப்பர், மறுபக்கம் நோட்டு.

மாட்டும் முறை: ரேக்கைத் தரையில் படுக்க வைத்து எல்லாப் போல்ட்டையும் கைமுறுக்கில் மட்டும் விடுங்கள். மூலைக்குக் கார்னர் பிளேட் வைத்து, பிளேட்டுக்கு மூன்று போல்ட்டு. முதுகில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நூல் பிடித்து அளங்கள், மற்ற இரு மூலைக்கும் அளங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாகும் வரை மெதுவாகத் தள்ளிச் சரிசெய்யுங்கள். அந்த நிலையிலேயே இரும்புப் பட்டையை எக்ஸ் மாதிரி குறுக்கே போட்டு, இரண்டும் வெட்டும் இடத்திலும் ஒரு போல்ட்டு. பட்டை மாட்டும் இடம் 36-க்கு 72 என்றால் ஒரு பட்டை 80 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் வரும், ஏழு அடியாக வாங்கிக்கொள்ளுங்கள். பக்கவாட்டிலும் பக்கத்துக்கு ஒரு சாய்பட்டை. இதெல்லாம் முடிந்த பிறகே 13-ம் நம்பர் ஸ்பேனரால் இறுக்க வேண்டும்.

நிமிர்த்தி நிறுத்தியதும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். முன்காலுக்கும் பின்காலுக்கும் தரையில் 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால் உச்சியில் 15 மி.மீ. சாய்வு தெரியும். பள்ளமான காலுக்கு அடியில் இரும்புத் தகடு வையுங்கள். அட்டையை மடித்து வைக்க வேண்டாம், அது நசுங்கும்.

ஜெராக்ஸ்_திண்டுக்கல்:
இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது, முடித்துவிட்டேன். முதுகில் குறுக்களவு முதலில் 84 மி.மீ. வித்தியாசம் காட்டியது. சரிசெய்து பட்டை போட்ட பிறகு தோளால் தள்ளியும் அசையவில்லை, கையில் அந்த வித்தியாசம் உடனே தெரிந்தது. அடித்தட்டு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. நடுத்தட்டையும், கொஞ்சம் வளைந்திருந்த இன்னொன்றையும் விற்றவர் மாற்றிக் கொடுத்தார். புதியவை தராசில் 3 கிலோ 90 கிராம். மீதித் தட்டுகளுக்கு அக்கா சொன்ன ஆங்கிள் தாங்கல் போட்டுவிட்டேன்.

இனி தட்டுக்கு எத்தனை ரீம் வைக்கலாம்?

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்:
தட்டுக்கு 16, நாலு வரிசை, வரிசைக்கு நாலு. 37 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரும். தாங்கல் இருந்தாலும் உங்கள் 22 கேஜ் தட்டுகளுக்கு நான் இதற்கு மேல் சொல்ல மாட்டேன். புதிய இரண்டையும் அடியிலும் அதற்கு மேலும் போட்டு, அங்கே மட்டும் 20 வையுங்கள். பிரிக்காத பெட்டிகள் தரையில் மரச்சட்டத்தின் மேல் இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து எல்லாப் போல்ட்டையும் ஒரு முறை இறுக்குங்கள், புது இணைப்பு கொஞ்சம் உட்காரும்.

ஜெராக்ஸ்_திண்டுக்கல்:
சரிங்க ஐயா. தட்டு ஓரத்தில் "16", "20" என்று மார்க்கரால் எழுதி ஒட்டிவிட்டேன், நான் இல்லாத நேரத்தில் சரக்கு வந்தாலும் தெரியும். பைண்டிங் மேஜை வாசல் பக்கமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம்.