'குறைதிறன்' வேண்டாம், 'சிறுதுடிப்பு' எப்படி?

வணக்கம். விண்கலத்திலிருந்து லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பிவர ஆகும் நேரத்தை வைத்துத் தரையின் உயரத்தை அளக்கும் கருவியில், லேசர் கண்ணாடி இழை வழியே வந்தால் (low-power fiber laser altimeter) அதற்குத் தமிழில் 'குறைதிறன் ஒளியிழை லேசர் உயரமானி' என்ற பரிந்துரையைப் படித்தேன். ஒளியிழை, லேசர், உயரமானி மூன்றும் புழக்கத்தில் இருப்பவை, அவற்றில் கை வைக்க வேண்டாம். எனக்கு உறுத்துவது முன்னால் நிற்கும் 'குறைதிறன்'தான். கேட்டதும் ஏதோ திறமை குறைந்த கருவி என்றுதான் காதில் விழுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், கணக்குப் போட்டால் அது உண்மையும் இல்லை.

1996இல் செவ்வாய்க்கு ஏவிய மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தில் இருந்த மோலா (MOLA) லேசர் உயரமானியைப் பாருங்கள். நொடிக்கு 10 ஒளித்துடிப்பு, ஒவ்வொன்றும் சுமார் 8 நானோநொடி. ஒரு துடிப்புக்கு 40 மில்லிஜூல் என்று வைத்துக்கொண்டால் துடிப்பு நீடிக்கும் அந்தக் கணத்தின் உச்சத்திறன் 50 லட்சம் வாட், ஆனால் முழு நொடிக்கும் பரப்பிப் பார்த்தால் சராசரித்திறன் வெறும் 0.4 வாட்! எர்பியம் மாசூட்டிய ஒளியிழைப் பெருக்கி (எர்பியம் தனிமம் சிறிதளவு கலந்த, ஒளியை வலுவாக்கும் கண்ணாடி இழை) சராசரியாக 1 வாட்டைச் சாதாரணமாகத் தரும். ஒளியிழையால் முடியாதது அந்த உச்சம்தான். ஒளி ஓடும் உள்ளகத்தின் விட்டம் 9 மைக்ரோமீட்டர் அளவுதான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது, அதில் மெகாவாட் கணக்கில் ஏற்றினால் கண்ணாடியே சிதைந்துவிடும். அதனால்தான் ஒரே அடியாக அடிக்காமல், சின்னச் சின்னத் துடிப்புகளைக் குறித்த ஒரு வரிசையில் விடாமல் அனுப்பி, திரும்பி வரும் மங்கலான ஒளியில் அதே வரிசை எவ்வளவு தாமதத்தில் பொருந்துகிறது என்று தேடுகிறோம். ஒளி போய்த் திரும்புவதால், 1 நானோநொடித் தாமதம் என்றால் 15 செ.மீ. தூரம்.

ஆக, இங்கே சிறியது துடிப்பு, சராசரித்திறன் அல்ல. 'சிறுதுடிப்பு ஒளியிழை லேசர் உயரமானி' என்றே சொல்லலாம். 'குறுந்துடிப்பு' கூடாது, அது நேரத்தால் குறுகிய துடிப்புக்கு வேண்டும். 'மென்துடிப்பு' என்றும் யோசித்தேன், மென்பொருள் நினைவு வந்து குறுக்கே நிற்கிறது.

கருவி மின்சாரத்தைக் குறைவாக இழுக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மின்சிக்கன' என்று தனியாகச் சேர்த்துக்கொள்வோம். துடிப்பு சிறியதாக இருந்தாலே மின்செலவும் குறையும் என்று கட்டாயம் இல்லை, இரண்டையும் ஒரே சொல்லில் திணித்ததால்தான் இவ்வளவு குழப்பம்.

அப்புறம், அந்த வரிசையைத் தேடிப் பொருத்தும் வேலைக்குப் புள்ளியியலில் வழங்கும் 'ஒட்டுறவு' (correlation) எனக்கு ஒட்டவில்லை. 'வரிசைப் பொருத்தம்' என்றால் செய்வது அப்படியே சொல்லில் தெரிகிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.