இறைச்சியை ஜாடியில் அடைப்பதா, ஃப்ரீசரிலேயே விடுவதா?

வணக்கம். போன வாரம் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. ஃப்ரீசரில் இருந்த நாலு கிலோ இறைச்சியும் இளகி, பையடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கிவிட்டது. மனசில்லாமல்தான் தூக்கிப் போட்டேன்.

அதிலிருந்து கண்ணாடி ஜாடியில் அடைக்கும் யோசனை. இறைச்சியில் புளிப்புத்தன்மை குறைவு என்பதால் வெறும் கொதிநீர் போதாது, 116 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், அதற்கென்றே உள்ள பிரஷர் கேனரில் (ஜாடிகளை நீராவி அழுத்தத்தில் சூடாக்கும் பாத்திரம்) இறைச்சித் துண்டுகள் போட்ட ஒரு குவார்ட் (சுமார் 950 மில்லி) ஜாடிக்கு 90 நிமிடம் என்பது வரை படித்துவிட்டேன். சமையல் குக்கரில் முயன்று பார்க்கும் விஷப்பரீட்சையெல்லாம் எனக்கு வேண்டாம்.

என் சந்தேகம் வேறு. இவ்வளவு நேரம் வெந்த கறி நார்நாராகப் பிரிந்துவிடாதா? அப்புறம் அதை வறுக்க முடியுமா? ஜாடி, ஃப்ரீசர் என இரண்டு வழியிலும் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். ஆறிய பிறகும் மூடி உள்வாங்காத, அதாவது காற்றுப் புகாமல் இறுகாத ஜாடியை என்ன செய்கிறீர்கள்?